விரதம் முந்தியா, நடை முந்தியா? சபரிமலைப் பெரிய பாதையும் சாந்தியாகோ பாதையும்

ஸ்பெயினின் வடமேற்கே, லெயோன் மலைகளில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பெரிய கற்குவியல் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் நெட்டையான ஓக் மரக் கம்பம், கம்பத்தின் உச்சியில் சிறிய இரும்புச் சிலுவை. குரூஸ் தெ ஃபெர்ரோ என்று அதற்குப் பெயர். சாந்தியாகோவுக்கு நடந்து போகிறவர்கள் தங்கள் ஊரிலிருந்து சுமந்துவந்த கல் ஒன்றை அங்கே இறக்கி வைக்கிறார்கள். கேரளத்தின் கிழக்குக் காட்டில், அழுதா நதியைத் தாண்டி ஏறும் மேட்டின் மேல் கல்லிடும் குன்று இருக்கிறது. சபரிமலைக்குப் பெரிய பாதை வழியாகப் போகும் சாமிகள் அழுதையில் முங்கி எடுத்த கூழாங்கல்லை அங்கே போட்டுவிட்டு நடக்கிறார்கள்.

செயல் ஒன்றுதான். கல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும்போதுதான் இரண்டு யாத்திரைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது புலப்படுகிறது.

குரூஸ் தெ ஃபெர்ரோவில் கிடப்பது நடப்பவரின் சொந்தக் கல். அவர் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ தாயின் கல்லறைப் பக்கத்திலிருந்தோ எடுத்தது. அதில் பெயர் எழுதியிருக்கும், தேதி எழுதியிருக்கும். கம்பத்தைச் சுற்றி இறந்தவர்களின் புகைப்படங்களும் கடிதங்களும் கட்டியிருக்கும். அந்தக் கல்லுக்கு என்ன பொருள் என்று அதைக் கொண்டுவந்தவர்தான் சொல்ல முடியும். ஒருவருக்கு அது துக்கம், இன்னொருவருக்கு முறிந்த மணவாழ்க்கை, வேறொருவருக்கு விட்டொழிக்க நினைக்கும் பழக்கம். ரோமானியர் காலத்திலேயே வழிப்போக்கர்கள் அங்கே கல் போட்டார்கள் என்றும், கௌசெல்மோ என்ற துறவி சிலுவையை நட்டார் என்றும் கதைகள் உண்டு. இன்று கல் சுமந்து வருபவருக்கு அந்தக் கதைகள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கல்லிடும் குன்றில் எல்லோர் கையிலும் ஒரே ஆற்றுக் கல். அதன் பொருளும் எல்லோருக்கும் ஒன்றே. ஐயப்பன் வதைத்த மகிஷியின் உடல் அந்த இடத்தில் கிடக்கிறது, அது மறுபடி எழுந்துவிடாமல் கல்லிட்டு அமுக்க வேண்டும். மாலை போட்ட வங்கி மேலாளரும், அவர் பக்கத்தில் நடக்கும் லாரி ஓட்டுநரும் அதே கதைக்குள் அதே வேலையைச் செய்கிறார்கள். கூழாங்கல்லில் யாரும் பெயர் எழுதுவதில்லை.

சபரிமலைக்காரர் தன் சொந்தக் கணக்கை ஏன் அங்கே கொண்டுவருவதில்லை? அதை அவர் ஏற்கெனவே வீட்டில் தீர்த்துவிட்டு வருகிறார், அல்லது தீர்த்திருக்க வேண்டும் என்பது முறை. அவர் காட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது யாத்திரையின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது. சாந்தியாகோ செல்பவருக்கோ முதல் அடியில்தான் எல்லாமே தொடங்குகிறது. இரண்டு பாதைகளுக்கும் இடையே நான் காணும் மற்ற வேறுபாடுகள், நீளம், சுமை, துணை, தங்குமிடம், திரும்பி வருவது எல்லாமே, இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன்.

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் கோயிலில் குருசாமி கையால் மாலை விழுகிறது. அன்றிலிருந்து ஒரு மண்டலம், 41 நாள். கறுப்போ நீலமோ காவியோ வேட்டி. காலில் செருப்பு இல்லை. புலால், மது, புகை, தாம்பத்தியம் எதுவும் இல்லை. முடி வெட்டுவதில்லை, முகம் மழிப்பதில்லை. காலையும் மாலையும் குளிர்ந்த நீரில் குளியல், தரையில் படுக்கை. இந்த மனிதர் இதற்காக மடத்துக்குப் போய்விடுவதில்லை. அதே கடையில், அதே பட்டறையில், அதே பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் இருந்துகொண்டே விரதம் காக்கிறார். கோபம் வரும் இடத்தில்தான் கோபத்தை அடக்கப் பழகுகிறார். மற்றவர்கள் அவரைச் சாமி என்று கூப்பிடுவதால் தப்பு செய்யக் கூச்சம் வருகிறது. வீடும் சேர்ந்து விரதம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து, குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, பூசைக்குச் சாமான் எடுத்துவைப்பது பெரும்பாலும் மனைவியோ தாயோதான். மலையேறாத அந்தப் பெண்களின் உழைப்பை யாத்திரைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

சாந்தியாகோவுக்குப் போக இப்படி எந்த முன் நிபந்தனையும் கிடையாது. கமினோ என்று நடப்பவர்கள் சொல்லும் இந்தப் பாதைகளில் அதிகம் பேர் நடப்பது பிரெஞ்சுப் பாதை. பிரான்ஸின் எல்லையோர ஊரான சான் ழான் பியே த போரில் இறங்கி, யாத்ரீகர் அலுவலகத்தில் முத்திரை குத்தும் அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டால் மறுநாள் காலையில் நடக்கலாம். கடவுள் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. முதல் வாரத்திலேயே இராச்சே மடத்தருகே ஒரு மது ஆலையின் சுவரில் குழாய் திறந்து இலவசமாகத் திராட்சை மது பிடித்துக் குடிக்கலாம். அதை யாத்திரைக்குப் பங்கமாக யாரும் நினைப்பதில்லை. இதை வைத்து அவர்களுக்கு ஒழுக்கம் குறைவு என்று முடிவு கட்டுவது தவறு. அந்தப் பாதை வேறு விதமாக வேலை செய்கிறது.

சான் ழானிலிருந்து சாந்தியாகோ வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர். நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் வீதம் நடந்தால் ஐந்து வாரம் ஆகும். இடையில் ஓய்வு நாட்களைச் சேர்த்தால் ஒரு மண்டலத்தை நெருங்கிவிடும். எருமேலியிலிருந்து சந்நிதானம் வரை பெரிய பாதை சுமார் 50 கிலோமீட்டர், இரண்டு மூன்று நாளில் கடந்துவிடலாம். தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இவற்றை ஒப்பிடவே முடியாது. நாட்களைக் கணக்கெடுத்தால் இரண்டும் சமம். ஒருவரைப் பழைய பழக்கத்திலிருந்து கழற்றி எடுக்க ஏறத்தாழ 40 நாள் தேவை என்பதை இரண்டு மரபுகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டுச் சாமி அந்த நாட்களை வீட்டில் கழிக்கிறார். கமினோ நடப்பவர் அவற்றைக் காலால் கழிக்கிறார்.

கமினோவின் நிலவமைப்பே இதற்கு உதவுகிறது. முதல் நாளே பைரனீஸ் மலை. 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிளம்பி 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, ரோன்செஸ்வாயெஸ் மடத்துக்கு இறங்க வேண்டும். பனிக்காலத்தில் நவம்பர் முதல் மார்ச் முடிய இந்த மேட்டுவழி மூடப்படுகிறது. முதல் நாளில் உடம்பு உடைந்துபோகிறது. அதன்பின் நவார்ரேயின் குன்றுகள், லா ரியோஹாவின் திராட்சைத் தோட்டங்கள். புர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவில் மெசேட்டா என்ற பீடபூமி, நாள்கணக்கில் கோதுமை வயலும் வானமும்தான். மெசேட்டாவைப் பேருந்தில் தாண்டிவிடுபவர்கள் பலர். நடப்பவர்களில் பலர், உள்ளுக்குள் ஏதாவது நிகழ்ந்தது என்றால் அந்தச் சலிப்பூட்டும் நாட்களில்தான் நிகழ்ந்தது என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் லெயோன் மலைகளும் கற்குவியலும் வருகின்றன. நான்கு வாரம் நடந்தவர் கையிலிருக்கும் கல், கிளம்பும்போது பையில் போட்ட கல்லாக இருக்காது. எடை அதேதான் என்றாலும் எதற்காகச் சுமக்கிறோம் என்பது அதற்குள் மாறியிருக்கும்.

பெரிய பாதையில் அவ்வளவு நேரம் இல்லை, வேண்டியதும் இல்லை. எருமேலியில் முகத்தில் வண்ணம் பூசி, மரக் கத்தியும் அம்பும் ஏந்தி, தழை சூடிப் பேட்டை துள்ளியதும் காடு தொடங்கிவிடுகிறது. பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, அழுதா மேடு, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரியிலந்தோடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை, ஒரு கும்பிடு. பிறகு கரிமலை. பெரிய பாதை போய்வந்தவர்கள் எல்லோரும் குரல் தாழ்த்திச் சொல்லும் பெயர் அது. ஏழு தட்டாக எழும் மலை, வேர்களே படிகள், வெறுங்கால். ஏற்றத்தில் மூச்சு போகிறது, இறக்கத்தில் முழங்கால் போகிறது. இறங்கினால் வலியானவட்டம், சிறியானவட்டம், அப்புறம் பம்பை. குளித்துவிட்டு நீலிமலை, அப்பாச்சி மேடு, சரங்குத்தி வழியே மறுபடி ஏற்றம்.

இந்த வலியைப் பற்றித் தமிழர் ஒருவர் எழுதியதைவிட நுட்பமாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. இலங்கைத் தமிழரான மானிடவியலாளர் இ. வேலன்டைன் டேனியல், திருச்சிப் பக்கத்துக் கிராமத்தவர்களோடு தானும் சபரிமலைக்கு நடந்து, அந்த அனுபவத்தை 1984-இல் வெளியான ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ என்ற ஆங்கில நூலின் இறுதிப் பகுதியில் ஆராய்கிறார். முதலில் குதிகால் வலி, தலைச்சுமை வலி, தோள் வலி என்று தனித்தனியே உணர்கிற உடம்பு, போகப் போக எது எங்கே வலிக்கிறது என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு வருகிறது. பிறகு வலிக்கிற ‘நான்’ யார் என்பதும் மங்கிப்போகிறது. விரதத்தில் கழற்றிவைத்த அடையாளங்களில் மிச்சமிருந்தது, கரிமலையில் உடம்போடு சேர்ந்து கரைகிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கமினோவிலும் வலி உண்டு. பாதக் கொப்புளம்தான் அங்கே மாலை நேரப் பேச்சின் முதல் பொருள். ஆனால் அந்த வலியைச் சமாளிக்க வேண்டிய ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். நல்ல காலணி, இரண்டு அடுக்குக் காலுறை, ஊன்றுகோல், களிம்பு என்று அதற்கொரு அறிவு வளர்ந்திருக்கிறது. பெரிய பாதையில் செருப்பைக் கழற்றுவதே முதல் விதி. நெடுந்தூரம் போகிறவர் காலைக் காப்பாற்றிக்கொள்ளாவிட்டால் போய்ச் சேர முடியாது என்ற உண்மையையும் இங்கே மறந்துவிடக் கூடாது. ஐந்து வாரத்துக்கு ஒரு நியாயம், மூன்று நாளுக்கு ஒரு நியாயம்.

சுமையைப் பார்ப்போம். கமினோ நடப்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, முதுகுப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது. புதியவர்கள் அதிகமாக எடுத்துவந்து, முதல் வாரத்திலேயே பாதிப் பொருளை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள் அல்லது விடுதியில் விட்டுப் போகிறார்கள். எவ்வளவு குறைவாக வாழ முடியும் என்று அவர்களுக்குப் பாடம் சொல்வது அந்தப் பைதான். அந்தப் பை முழுக்க நடப்பவருக்குச் சொந்தம். முதுகு வலித்தால் கட்டணம் கொடுத்து அடுத்த ஊர் விடுதிக்கு வண்டியில் அனுப்பிவிட்டுக் கைவீசி நடக்கலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள்.

இருமுடியை அப்படி அனுப்ப முடியாது. அதன் முன்கட்டு சாமிக்கு உரியது, பின்கட்டு சாப்பாட்டுக்கும் சொந்தச் சாமான்களுக்கும். முன்கட்டில் நெய்த்தேங்காய். தேங்காயின் கண்ணைத் திறந்து நீரை வடித்துவிட்டு, கட்டு நிறைக்கும் சடங்கில் சொந்தக்காரர்கள் சூழ நெய் ஊற்றி அடைப்பார்கள். தலையில் ஏற்றுவது குருசாமி. வழியில் இறக்கவும் மறுபடி ஏற்றவும் அவர் கை வேண்டும். சந்நிதானத்தில் நெய் அபிஷேகத்துக்குப் போகிறது, காலியான மூடி ஆழித் தீயில் விழுகிறது. இருமுடி இல்லாதவர் பதினெட்டாம்படி ஏற முடியாது. அதனால் தேவைக்கு மேல் எடுத்துவந்தோமா என்ற கேள்வியே பெரிய பாதைக்காரருக்கு எழுவதில்லை. தலையில் இருப்பதில் முக்கால் பங்கு முக்கியத்துவம் அவருக்குச் சொந்தமில்லாத பாதிக்குத்தான். நெய் அவர் ஆன்மா, தேங்காய் அவர் உடல் என்று குருசாமிமார் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் தெரியாதவரும் மூடி தீயில் விழுவதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துப் போகிறார்.

வழிகாட்டுவது யார் என்பதிலும் இதே வேறுபாடு. சபரிமலைக்கு முதல்முறை போகும் கன்னிசாமி தனியாகப் போவதில்லை. பலமுறை போய்வந்த குருசாமி ஒருவர் கீழ் ஒரு குழுவாகப் போவதே மரபு. திரையில் வில்லனாகவே தெரிந்த எம்.என். நம்பியார் பல்லாண்டு காலம் குருசாமியாக இருந்து திரையுலகத்தினர் பலரை மலைக்கு அழைத்துச் சென்றது தமிழ்நாட்டில் பலரும் அறிந்த செய்தி. முதல்முறை வருபவருக்குப் புராணத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கன்னிசாமிகள் சரங்குத்தியில் சரம் குத்துவது நிற்கும் ஆண்டில் தன்னை மணப்பதாக ஐயப்பன் தந்த வாக்கை நம்பி மாளிகைப்புறத்தம்மன் காத்திருக்கிறாள். ஆண்டுதோறும் சரங்கள் குவிகின்றன. அனுபவம் இல்லாத ஒருவர் வந்து சேர்வதை இவ்வளவு பெரிய நிகழ்வாக்கிய யாத்திரை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கமினோவில் வழிகாட்டுவது மஞ்சள் அம்புக்குறி. பாறையில், மின்கம்பத்தில், மாட்டுக்கொட்டில் சுவரில், சாலையோரத் தடுப்பில் எங்கும் அது இருக்கிறது. அதைப் பரப்பியவர் கலீசியாவின் நுழைவாயிலில், 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஓ செப்ரெய்ரோ என்ற கூரைவீட்டு மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞா. கமினோவின் வரலாற்றை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். சாலைக்குக் கோடு போட்டு மிஞ்சிய மஞ்சள் வண்ணத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு 1984-இல் பைரனீஸ் முதல் அம்பு வரைந்தபடி வந்தார். எல்லையில் காவலர்கள் சந்தேகப்பட்டு விசாரித்தபோது, பிரான்ஸிலிருந்து பெரும் படையெடுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1986-இல் சாந்தியாகோவில் நடந்து முடித்ததற்கான சான்றிதழ் பெற்றவர்கள் 2,500 பேரைத் தாண்டவில்லை. வலீஞா 1989-இல் இறந்தார். 1993-இல் பிரெஞ்சுப் பாதை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2024-இல் சான்றிதழ் பெற்றவர்கள் 5 லட்சத்தை நெருங்கினார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்வது, அறுந்துபோன ஒரு பாதையைத் தனி மனிதர் ஒருவர் வண்ணத் தூரிகையால் ஒட்டவைக்க முடிந்தது என்பது. கமினோவில் நடக்கக் குரு தேவையில்லை, கூட்டம் தேவையில்லை, முன் அனுபவமும் தேவையில்லை. அடுத்த அம்பு எங்கே என்று தெரிந்தால் போதும். அதனால்தான் கொரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஒருவர் தனியாக வந்து நடக்க முடிகிறது. விலையும் உண்டு. நடப்பதற்கான காரணத்தை அவரேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பாதையோர வாழ்க்கையும் வேறு. கமினோ ஊர்களின் வழியே போகிறது. அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகளில் அடுக்குக் கட்டில் கிடைக்கும். சிலவற்றில் கட்டணம் இல்லை, உண்டியலில் முடிந்ததைப் போடலாம். ஓர் ஆண்டில் நடந்தவர்கள் அடுத்த ஆண்டு விடுமுறை எடுத்து வந்து அங்கே படுக்கை விரித்து, சமைத்துப் போட்டுத் தொண்டு செய்கிறார்கள். குரூஸ் தெ ஃபெர்ரோவுக்குக் கீழேயுள்ள ஃபொன்செபாடோன் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஆளில்லாமல் இடிந்துகிடந்த ஊர். இன்று அங்கே விடுதிகளும் உணவகங்களும் இருக்கின்றன. நடப்பவர்கள் பெருகப் பெருக மலைக்கிராமங்கள் பிழைக்கின்றன.

பெரிய பாதை பெரியார் புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் போகிறது. அங்கே நிரந்தர ஊர் இல்லை, இருக்கவும் கூடாது. சீசனில் ஓலைப் பந்தல் போட்டு விரி வைக்க இடம், கட்டன் காப்பி, கஞ்சி. ஒரு வாளியில் சுக்குவெந்நீர் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றும் தொண்டர்கள். மகரவிளக்கு முடிந்தால் எல்லாம் பிரிக்கப்பட்டுக் காடு யானைகளுக்குத் திரும்புகிறது. இருட்டிய பின் நடக்க வனத்துறை விடுவதில்லை. விடக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். கமினோவுக்கு ஆள் கூடினால் இன்னொரு விடுதி கட்டலாம். கரிமலைக்கு ஆள் கூடினால் நசுங்குவது காடு. 2011 ஜனவரி 14 இரவு, சபரிமலைக்கான இன்னொரு காட்டுவழியிலுள்ள புல்லுமேட்டில், மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 100 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். மலைப்பாதைக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு என்பதைப் பக்தியின் பெயரால் மறுக்க முடியாது.

பாதைகள் தாங்கிநிற்கும் கதைகளில் சபரிமலைக்கு ஒரு பெருமை இருக்கிறது. எருமேலியில் பேட்டை துள்ளுபவர்கள் வாவர் பள்ளிவாசலை வலம் வந்து காணிக்கை செலுத்திய பிறகே நகர்கிறார்கள். எதிரியாக வந்து தோழனான இஸ்லாமியருக்குச் சந்நிதானத்திலும் தனி நடை, மிளகுப் பிரசாதம். சாந்தியாகோவில் உள்ளவர் புனித யாக்கோபு, தங்கச்சிமடத்திலும் யாழ்ப்பாணத்துக் கிளாலியிலும் விழா எடுக்கப்படும் அதே சந்தியாகப்பர். ஆனால் ஸ்பெயினில் அவருக்கு இன்னொரு உருவம் சேர்ந்துவிட்டது. 844-இல் கிளாவிஹோவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு போரில் வெள்ளைக் குதிரையேறி வந்து முஸ்லிம்களை வெட்டியவர் என்பது அது. அந்தப் போர் நடந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. சிலைகளோ ஏராளம். பேராலயத்தில் உள்ள ஒன்றை அகற்றப் போவதாக 2004-இல் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டார்கள். குதிரையின் காலடியில் வெட்டுண்டு கிடப்பவர்களைப் பூக்களால் மறைத்து வைத்திருக்கிறார்கள். மறைக்கத் தோன்றியதே நல்லதுதான். வாவர் பள்ளியில் மறைக்க ஒன்றுமில்லை.

கமினோ முந்தி நிற்கும் இடமும் உண்டு, அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அங்கே இன்று நடப்பவர்களில் பெண்கள் பாதிப் பங்கு. தனியாக வரும் இளம்பெண்ணும் அறுபது வயது விதவையும் ஒரே விடுதியில் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சபரிமலையில் 10 முதல் 50 வயதுவரையான பெண்களுக்கு வழக்கம் தடை விதித்தது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பை எல்லோரும் அறிவோம். மறுஆய்வு மனுக்களை ஒட்டிய கேள்விகள் 2019-இல் பெரிய அமர்வுக்குச் சென்றன. சட்டம் எதைச் சொன்னாலும், 41 நாள் விடியற்காலையில் எழுந்து விரதத்தை நடத்திக்கொடுப்பவருக்கே அதன் முடிவில் இருக்கும் நடை மறுக்கப்படுவது எனக்குப் பொருந்தாததாகவே தெரிகிறது.

இரண்டு பாதைகளும் இன்று சுருங்கிக்கொண்டிருக்கின்றன. கமினோவில் சான்றிதழ் பெறக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும். அதனால் சாந்தியாகோவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்ரியாதான் இன்று அதிகம் பேர் நடையைத் தொடங்கும் ஊர். ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. பைரனீஸ் இல்லை, மெசேட்டா இல்லை, கல் சுமந்து ஏறிய குரூஸ் தெ ஃபெர்ரோவும் இல்லை. சபரிமலைக்குப் பம்பை வரை வண்டிப் பாதை வந்தபின், பெரும்பாலோர் நிலக்கல்லிலிருந்து பேருந்தில் பம்பைக்கு வந்து, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு ஏறித் தரிசனம் முடித்துத் திரும்புகிறார்கள். பெரிய பாதை போகிறவர்கள் சிறு பகுதியினரே.

எந்தச் சுருக்கத்தில் இழப்பு அதிகம் என்று கேட்டால், மேலோட்டமாகப் பார்க்கையில் கமினோவில்தான் என்று தோன்றும். அங்கே நடையைத் தவிர வேறெதுவும் இல்லை. நடையைக் குறைத்தால் யாத்திரையே குறைகிறது. சபரிமலையில் நடை குறைந்தாலும் மண்டலம் அப்படியே நிற்கிறது, 41 நாளும் முறையாக இருந்தவர் பம்பை வழியே ஏறினாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. ஆனால் நடை குறைந்த அதே காலத்தில் விரதமும் குறைந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மாலை, மூன்று நாளுக்கு மாலை, கிளம்பும் அன்று காலையில் மாலை என்று ஆகியிருப்பதை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். வீட்டிலும் கழற்றாமல், காட்டிலும் கரையாமல், ஒருவர் வந்த மனதோடே படியேறி இறங்கிவிடுகிறார். அவருக்குச் சர்ரியாவில் தொடங்கும் ஐந்து நாள்கூடக் கிடைக்கவில்லை. குருசாமிமார் இதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுவது எனக்குச் சரியென்றே படுகிறது. நாளை இன்னும் ஆயிரம் பேரைக் கரிமலைக்கு அனுப்ப வேண்டியதில்லை, அனுப்பவும் கூடாது. விரத நாட்களை மீட்பதற்குக் காட்டில் ஒரு மரமும் விழ வேண்டியதில்லை.

திரும்பி வருவதில் சபரிமலையின் முறை கமினோவைவிட முழுமையானது. பழைய காலத்துச் சாந்தியாகோ யாத்ரீகர்கள் வந்த வழியே வீடுவரை நடந்தாக வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் அவர்கள் மெதுவாக ஊர் வாழ்க்கைக்கு இறங்கினார்கள். இன்று பேராலயத்தில் திருப்பலி முடிந்த மறுநாள் விமானம். கமினோ நடந்தவர்களை அவர்களுடைய வீடுகளுக்கே போய்ச் சந்தித்த மானிடவியலாளர் நான்சி ஃப்ரே, 1998-இல் வந்த தன் நூலில், பாதையில் கண்டுகொண்டதை ஊரில் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சிலர் இன்னும் 90 கிலோமீட்டர் நடந்து அட்லாண்டிக் கரையிலுள்ள ஃபினிஸ்தெர்ரே முனைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஏதோ ஒரு முடிவுச் சடங்கு தேவைப்படுகிறது, அதை அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாமிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வீட்டு வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே போகிறார். கட்டைப் பிரித்து அரவணையும் அப்பமும் விபூதியும் தெருவுக்கே பங்கு வைக்கப்படுகின்றன. மாலையைத் தாயோ குருசாமியோ கழற்றுகிறார்கள். மறுநாள் செருப்பு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார், அடுத்த கார்த்திகைக்கு அதே குருசாமியிடம் வருகிறார். பதினெட்டாவது ஆண்டில் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்து போய்ச் சந்நிதானத்தில் சேர்ப்பார். கமினோக்காரரும் மறுபடி போகிறார். பெரும்பாலும் போர்ச்சுக்கல் வழி, வடகரை வழி, ஓவியேதோவிலிருந்து மலைமேல் செல்லும் ஆதிப்பாதை என்று இதுவரை நடக்காத வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்து.